தைப்பூசத்துக்குப் பிறகு ஏறிய சீனி

நான் விட்டுவந்த பரிசோதனை வேனில் புதிதாக நீங்கள் நான்கு பேர் சேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். விரலில் குத்தி இரத்தம் எடுப்பது, பிரஷர் பார்ப்பது, படிவம் நிரப்புவது எல்லாம் நீங்கள் படித்துவிட்டு வந்தவை. அதில் நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. நான் அந்த வேனுக்கு டிரைவராக வந்தவன். ஈப்போவைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளுக்கு நர்ஸ் மிஸியை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, நிழலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. ஒரு நாள் துப்புரவு வேலை செய்யும் அம்மா ஒருவருக்கு மிஸியின் யாழ்ப்பாணத் தமிழ் பிடிபடவில்லை. நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி நான்கு வார்த்தை சொன்னேன். அந்த அம்மா சிரித்தார். அன்றிலிருந்து ஸ்டியரிங் பிடிக்கும் வேலையோடு ஆட்களிடம் பேசும் வேலையும் எனக்கு வந்து சேர்ந்தது. பிறகு மிஸியே விரலில் குத்தவும் பழக்கிவிட்டார்.

அந்த மிஸியின் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் திட்டுவார்.

கிளினிக் திறந்திருக்கும் நேரத்தில் நம் ஆட்கள் வேலையில் இருப்பார்கள். அவர்கள் வேலை முடிந்து வரும்போது கிளினிக் வாசலில் காவல்கார ஜாகா மட்டும் உட்கார்ந்திருப்பார். அதனால்தான் ஷிப்டு மாறும் நேரம் பார்த்து நாம் போகிறோம். இது உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதது, அங்கே போன பிறகு நம் மண்டை எப்படிக் குழம்பும் என்பது. எனக்கு இன்னும் தெளியவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆரம்பத்தில் நான் நிறைய உபதேசம் செய்வேன். ஒரு செக்குரிட்டி கார்டிடம் தினமும் நடங்கள் என்றேன். "பன்னெண்டு மணி நேரம் நின்னுக்கிட்டே இருக்கேன். வீட்டுக்குப் போனா காலு என்னைப் பார்த்து நீ யாருன்னு கேட்குதுண்ணே" என்றார் அவர். பழுப்பரிசி சாப்பிடச் சொன்னபோது ஓர் அக்கா, "அது அரிசி இல்ல தம்பி, தண்டனை" என்றார். இப்படி ஆட்கள் சொல்வதையெல்லாம் வேன் டேஷ்போர்டில் கிடக்கும் ஒரு சின்ன நோட்டில் எழுதிவைப்பேன். புத்தகத்தில் கற்றதைவிட அந்த நோட்டில் கற்றதே அதிகம். ஆனால் நான் சொல்லப்போகும் விஷயத்தில் அந்த நோட்டும் எனக்கு உதவவில்லை.

ஈப்போவுக்கு வெளியே ஒரு பிஸ்கட் தொழிற்சாலை. பெயர் வேண்டாம். பிஸ்கட் தொழிற்சாலையில் இனிப்புநீர் நோயைக் குறைக்கச் சொல்லிப் போன எங்களைப் பார்த்து முதல் நாளே எல்லாரும் சிரித்தார்கள். வாரக் கடைசியில் உடைந்த பிஸ்கட்டுகளைப் பை பையாகக் கட்டி, கேண்டீன் ஓரத்து மேசையில் வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் போகலாம். அந்த மேசைக்குப் பக்கத்திலேயே எங்கள் மேசையையும் போட்டார்கள். நான் பேசப் பேச, எனக்குப் பின்னால் பைகள் குறைந்துகொண்டே போயின.

அங்கேதான் மணியத்தைப் பார்த்தேன். ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவர். ஐம்பதைத் தாண்டியவர், குனோங் ராபாட்டில் வீடு. பிஸ்கட் பெட்டிகளை அடுக்கிய பலகைகளை ஐந்தாள் உயரத்துக்குத் தூக்கி, ஒரு பெட்டிகூட அசையாமல் வைப்பார். சாவியைச் சிவப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பார். அந்தக் கயிறு தொங்கும் மிடுக்கைப் பார்த்தாலே தெரியும், அந்த வண்டி அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று. அதே தொழிற்சாலையில் பேக்கிங்கில் இருந்த பெண்கள் பலரும் ஸ்டோரில் இருந்த ஆண்களும் அவருடைய பழைய ரப்பர்த் தோட்டத்து ஆட்கள். தோட்டம் வீடமைப்புப் பகுதியாகி ஆளுக்கொரு பக்கம் குடிபோனாலும், ஒரே பேருந்தில் வேலைக்கு வந்து போவார்கள்.

நவம்பர் கடைசியில் முதல் பரிசோதனை. மணியத்துக்குச் சீனி பதினான்கு; ஏழுக்குள் இருக்க வேண்டியது. மற்றவர்களுக்கும் சுமாராக ஏறித்தான் இருந்தது. நான் பேசினேன். பால் டீயான தே தாரேக்குப் பதில் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங், வறுத்ததைக் குறையுங்கள், உடைந்த பிஸ்கட் வேண்டாம். எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் நம் ஆட்களை யாரும் மிஞ்ச முடியாது.

அந்தச் சமயத்தில் மிஸி முட்டியில் ஆபரேஷன் செய்துகொண்டு நீண்ட விடுப்பில் போனார். பதிலுக்கு வந்த சின்ன மிஸி மலாய்க்காரப் பெண். நல்ல பிள்ளை, ஆனால் ஆட்களை அவளுக்குத் தெரியாது. எனவே வேனில் மூத்தவன் நான்தான் என்று ஆகிவிட்டது. அந்த நினைப்பும் தலைக்குக் கொஞ்சம் ஏறியிருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

டிசம்பர் நடுவில் போனோம். சீனி இறங்கியிருந்தது. ஜனவரியில் போனோம். இன்னும் இறங்கியிருந்தது. மணியத்துக்கு ஆறு. உடைந்த பிஸ்கட் மேசையைப் பார்த்தேன். பைகள் அப்படியே குவிந்து கிடந்தன. நம் ஆட்கள் ஒருவரும் தொடவில்லை. கேண்டீனில் போய்ப் பார்த்தால் எல்லாருடைய தட்டிலும் காய்கறி. நானும் அவர்களோடு உட்கார்ந்து அதே காய்கறியைத்தான் சாப்பிட்டேன்.

"எப்படி மணியம்?" என்று கேட்டேன்.

"நீங்க சொன்னதத்தாண்ணே செய்யுறோம்."

இதைவிட இனிப்பான வார்த்தை ஒரு பேச்சுக்காரனுக்கு உண்டா? நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

கிளினிக் கொடுத்த மணியத்தின் பச்சைப் புத்தகத்தில் நான் வரிசையாக எழுதிய எண்களைக் கிளினிக் டாக்டர் பார்த்தார். காலை, மாலை என்று மணியம் போட்டுவந்த ஒரு வகை மாத்திரையை நிறுத்திவிட்டார். தொழிற்சாலை மானேஜருக்கு ஏக சந்தோஷம். மணியத்தின் படத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே இரண்டு வரி எழுதி, கேண்டீன் சுவரில் போஸ்டராக ஒட்டினார். தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் மார்ச்சில் வந்து பார்ப்பார்கள், பிடித்திருந்தால் காம்பாரில் இருக்கும் இன்னொரு தொழிற்சாலைக்கும் வேனை அழைப்பார்கள் என்றார். நான் வீட்டுக்குப் போய் வேனைக் கழுவினேன். யாரும் கழுவச் சொல்லவில்லை.

மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை. பகல் இரண்டரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மூன்று மணிக்கு ஷிப்டு மாறும். மூன்றரைக்குத் தலைமை அலுவலகத்து ஆட்கள் வருவார்கள். மிஸி அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். முட்டி இன்னும் சரியாக மடங்காமல், ஒரு காலை நீட்டி உட்கார்ந்து பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் குத்தும் வேலை எனக்கு.

முதலில் பேக்கிங் அக்கா ஒருவர். ஏறியிருந்தது. அடுத்தவருக்கும் ஏறியிருந்தது. மூன்றாவதாக மணியம் வந்தார். கையில் ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தல். விரலை நீட்டினார். மெஷின் பத்தொன்பது என்று காட்டியது.

மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். டெஸ்ட் பட்டை டப்பாவைத் திருப்பித் தேதி பார்த்தேன். புது டப்பா உடைத்து மறுபடி குத்தினேன். பத்தொன்பதுக்குக் கொஞ்சம் மேலேயே காட்டியது. என் விரலையே குத்திப் பார்த்தேன். எனக்கும் இனிப்புநீர் தொடக்கம்தான். ஜனவரியில் ஆறு இருந்தது இப்போது ஒன்பது. சரி, மெஷின்தான், எல்லாருக்கும் மூன்று நான்கு கூட்டிக் காட்டுகிறது என்று எனக்குள் ஒரு கணக்கு போட்டு நிம்மதியானேன்.

கேண்டீன் சமையலை நடத்துகிறவர் ஒரு மலாய்க்கார அம்மா. மாச்சிக் என்று கூப்பிடுவோம். கரண்டியோடு வந்து, "எனக்கும் பாரு" என்று கையை நீட்டினார். குத்தினேன். ஐந்து. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை.

"அண்ணே," என்றார் மணியம், "இந்த மெஷினுக்குத் தமிழனைக் கண்டா ஆகாது போல."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதே ஆட்கள், அதே நாக்கு, அதே என் பேச்சு. இரண்டு மாதத்துக்குள் என்ன நடந்தது? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இன்னொரு டப்பாவை உடைக்கப் போனேன்.

மிஸி பக்கத்து மேசையிலிருந்து கூப்பிட்டார். "மெஷினோட சண்டை பிடிக்கிறதை விடும். அவரிட்ட தாகமா இருக்கோ எண்டு கேட்டீரோ?"

கேட்கவில்லை. பத்து நிமிடமாக அந்த மனிதரின் விரலை இரண்டு முறை குத்தி இரத்தம் எடுத்தேனே தவிர, அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கையில் இருந்த போத்தலில் பாதி காலியாகியிருந்தது. அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிள்ளைகளே, மெஷின் சரியா தவறா என்பதைப் பிறகு பார்க்கலாம். எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளிடம் முதலில் பேசுங்கள். பேசுவதற்கென்றே வைத்திருந்த என்னையே மிஸி கேட்க வேண்டியதாயிற்று.

"தாகமா மணியம்?"

"வெயிலுண்ணே. இந்த மார்ச்சு வெயிலுக்கு யானைக்கே தாகம் எடுக்கும்."

"கண்ணு?" சீனி ஏறினால் பார்வையும் மங்கும்.

"கண்ணுக்கு என்ன? நல்லா இருக்கு."

மிஸி கேண்டீன் சுவரைக் கையால் காட்டினார். மணியத்தின் போஸ்டர் இருந்தது. சிரித்துக்கொண்டிருக்கும் முகம், கீழே இரண்டு வரி.

"அதில என்ன எழுதியிருக்கு? வாசியும் பாப்பம்."

மணியம் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். ஓரடி முன்னால் போனார். தன் பெயர் எங்கே இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை. வரிசையில் நின்றவர்களின் சிரிப்பு நின்றது. "படம் நல்லாத்தான் இருக்கு" என்றார் மெதுவாக.

நான் மற்றவர்களை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். மாச்சிக் மட்டும் போகவில்லை. கரண்டியை ஆட்டிக்கொண்டு மலாயில் அவர் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்.

"நீங்கள்லாம் என்ன மெஷினைப் போட்டு உலுக்குறீங்க? என் சட்டியைக் கேளுலா, சொல்லும். தைப்பூசத்துக்கு முன்னால இவங்க யாரும் என் கோழியைத் தொடலை. முட்டை இருக்குன்னு பிஸ்கட்டைக்கூடத் தொடலை. நாற்பது பேர் ஒண்ணா வந்து சாயூர், காய்கறி மட்டும் போதும்னு சொன்னாங்க. பெரிய சட்டி வெச்சேன். தைப்பூசம் முடிஞ்ச மறுநாளே கோழி காலி. ஒவ்வொருத்தரும் ரெண்டு துண்டு! விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடிக்கிறாங்க."

நான் மணியத்தின் பச்சைப் புத்தகத்தைத் திறந்து தேதிகளைப் பார்த்தேன்.

அந்தத் தோட்டத்து ஆட்கள் எங்கே குடியிருந்தாலும் தைப்பூசத்துக்கு ஒரே நாளில் காப்புக் கட்டி ஒரு மண்டலம் விரதம் இருப்பார்கள். ஒரு வேளைச் சோறு, மீன், கறி என்று எந்த மச்சமும் கிடையாது, சாராயத் தண்ணி கிடையாது, விடிவதற்கு முன் குளியல். இது எனக்குத் தெரியாத விஷயமா? எனக்கும் அதே மண்டலம், அதே விரதம். ஜனவரியில் அவர்களோடு உட்கார்ந்து காய்கறி சாப்பிட்டேன் என்றேனே, நான் ஏன் காய்கறி சாப்பிட்டேன் என்று நினைக்கிறீர்கள்? நானும் விரதம் என்பதால் அது எனக்கு விசேஷமாகவே படவில்லை. வேறு யாராவது பார்த்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பார்கள். உள்ளே இருந்த எனக்குத்தான் கண் தெரியவில்லை.

"அப்ப நான் சொன்னதைச் செய்யுறோம்னு சொன்னீங்களே?" என்று மணியத்தைக் கேட்டேன்.

"நீங்களும் அதையேதானண்ணே சொன்னீங்க? மச்சம் குறை, இனிப்பைக் குறை. சாமியும் அதையே சொல்லுது, நீங்களும் அதையே சொல்றீங்க. ரெண்டும் ஒண்ணுதானேன்னு நினைச்சேன்." அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை இன்னும் குழப்பியது.

மிஸி பச்சைப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். விரத காலத்தில் நான் எழுதிய அழகான எண்கள். அவற்றைப் பார்த்து டாக்டர் நிறுத்திய மாத்திரை. விரதம் முடிந்த பிறகும் நிறுத்தியபடியே இருந்தது. அடுத்த கிளினிக் தேதி ஜூனில். "டாக்டர் நிப்பாட்டும் வரைக்கும் இந்தக் குளிசையையும் போட்டுக்கொண்டு ஒரு நேரச் சாப்பாட்டோட நிண்டிருக்கிறார். வேலைக்கு நடுவில சீனி இறங்கி மயங்கி விழாம இருந்ததே பெரிய காரியம்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தப் பக்கமும் ஆபத்து இருந்திருக்கிறது. அதையும் நான் யோசிக்கவில்லை.

மணி மூன்று ஆகப் போகிறது. மணியம் எழுந்தார்.

"அண்ணே, அந்த நம்பரைப் புத்தகத்துல எழுதாதீங்க. ஃபேக்டரி டாக்டர் பார்த்தா வண்டியிலேர்ந்து இறக்கிருவாங்க. பேக்கிங்ல பொம்பளைங்களோட உட்கார்ந்து பெட்டி ஒட்டச் சொல்லுவாங்க. இருபத்திரண்டு வருஷம்ணே. நாளைக்கு லீவு போட்டு கிளினிக் போயிடுறேன். இன்னிக்கு மட்டும்."

இங்கேதான் நான் சொன்ன ஒரு வாக்கியத்தை உங்களிடம் மறைக்கக் கூடாது. "சரி, இன்னிக்கு ஒரு நாள் மெதுவா ஓட்டுங்க" என்றேன். வாயிலிருந்து அப்படியே வந்துவிட்டது. அரை மணி நேரத்தில் தலைமை அலுவலகத்து ஆட்கள் வருவார்கள், போஸ்டரில் இருக்கும் ஆள் வண்டியில் இருந்தால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்ற நினைப்பு அந்த வாக்கியத்தில் இருந்தது. அவர் மேல் இருந்த இரக்கமும் இருந்தது. எது எவ்வளவு என்று இன்றுவரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மிஸி என்னைத் திட்டவில்லை. நீட்டியிருந்த காலைக் கையால் தூக்கி மடக்கி, எழுந்து நின்று, என் முகத்தையே பார்த்தார். அவ்வளவுதான்.

நான் ஓடிப்போய் மணியத்தின் முன்னால் நின்றேன். "மணியம், நான் சொன்னதை எடுத்துக்கிறேன். ஓட்டாதீங்க."

"இப்பதான் சரின்னீங்க!"

"ஆமா. தப்பா சொல்லிட்டேன். சாவி உங்களோடதுதான், நான் பிடுங்க மாட்டேன். சூப்பர்வைசர்கிட்ட போயி உங்க நம்பரைச் சொல்லவும் மாட்டேன். ஒண்ணு மட்டும் கேட்குறேன், பதில் சொல்லிட்டுப் போங்க. கடைசியா எப்ப கண்ணு தெளிவா இருந்துச்சு?"

அவர் கழுத்தில் தொங்கிய சாவியைக் கையில் பிடித்தார். அவர் போய்விட்டால் நான் என்ன செய்வேன்? அவர் விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது நம் வேலையின் முதல் பாடம். சொல்லாவிட்டால் அந்த வண்டிக்கு முன்னால் நடக்கிற யாருக்காவது என்ன ஆகும்? இரண்டும் சரி போல இருந்தது, இரண்டும் தப்பு போல இருந்தது. ஷிப்டு மணி அடித்தது. பேக்கிங் பெண்கள் வண்டி போகும் பாதையைக் கடந்து வரிசையாக உள்ளே போனார்கள்.

மணியம் அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசிப் பெண்ணும் கடந்த பிறகு சொன்னார். "முந்தாநாளு லாரி கதவு பனிக்குள்ள இருக்கிற மாதிரி தெரிஞ்சுச்சு. ஹாரன் அடிச்சுக்கிட்டே உள்ள விட்டேன். யாரும் குறுக்க வரல." மறுபடியும் சொன்னார். "யாரும் குறுக்க வரல, அவ்வளவுதான்."

சிவப்புக் கயிற்றைத் தலைக்கு மேல் தூக்கிக் கழற்றினார். அவரே சூப்பர்வைசரிடம் போய் உடம்பு முடியவில்லை என்று கொடுத்துவிட்டு வந்தார்.

நான் பத்தொன்பதைப் புத்தகத்தில் எழுதினேன்.

உடனே கிளினிக் போயிருக்க வேண்டும். மிஸியும் அதைத்தான் சொன்னார். ஆனால் வேனை எடுப்பதற்குள் மானேஜர் விருந்தாளிகளோடு வந்துவிட்டார், பத்து நிமிடம் முன்னதாகவே. தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாவும் ஒரு இளைஞரும். மானேஜர் போஸ்டரைக் காட்டினார், பிறகு மணியத்தின் தோளில் கை வைத்து முன்னால் கொண்டுவந்தார். அந்த அம்மா அன்பாகத்தான் மலாயில் கேட்டார். "எப்படிச் சாதித்தீர்கள்? எங்கள் மற்றத் தொழிலாளர்களுக்கும் சொல்லுங்கள்."

மணியம் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"சாமிக்கு விரதம் இருந்தேன். சாமி பார்த்துக்கிட்டாரு. விரதம் முடிஞ்சிருச்சு, இப்ப யாரும் பார்க்கல" என்றார்.

மானேஜர் சிரிக்க முயன்றார். அந்த அம்மா சிரிக்கவில்லை. "அப்படியானால் வருஷம் முழுவதும் விரதம் இருக்க முடியுமா?" என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்.

"முடியாதும்மா. எனக்கு அந்த நாற்பத்தெட்டு நாள் கஷ்டமே தெரியல. இந்த அண்ணன் சொன்ன மாதிரி முன்னால ஒரு வாரம் இருந்து பார்த்தேன். அது செத்துப்போற மாதிரி இருந்துச்சு. ஏன்னு கேட்காதீங்க."

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். மானேஜரும் பார்த்தார். நான் நன்றாகப் பேசுகிறவன் என்று பெயர் வாங்கியவன். காம்பார் தொழிற்சாலை என் நாக்கு நுனியில் இருந்தது. "எனக்கும் தெரியவில்லை" என்றேன். "எங்கள் பேச்சால் குறைந்தது என்று நினைத்தோம். இல்லை. இவருக்கு இப்போது உடம்பு சரியில்லை. நாங்கள் கிளினிக்குக் கிளம்ப வேண்டும்."

மிஸி அதற்குள் வேனில் ஏறி உட்கார்ந்திருந்தார். அன்று சாயந்திரமே டாக்டர் மாத்திரையைத் திரும்பக் கொடுத்தார். அளவையும் மாற்றினார். உப்புநீர்ச் சொட்டு ஏற்றி, இரவு வரை வைத்திருந்து அனுப்பினார்கள்.

காம்பாருக்கு நாங்கள் போகவில்லை. மானேஜர் போஸ்டரை எடுத்துவிட்டார். சுவரில் நான்கு ஒட்டு நாடாத் துண்டுகள் மட்டும் நின்றன. மணியம் பேக்கிங்கில் பெட்டி ஒட்டினார். "போஸ்டரு, அந்தப் பெட்டியை இப்படித் தள்ளு" என்று பெண்கள் அவரைக் கலாய்ப்பார்கள். அவர் அவர்களிடம் சிரிப்பார். என்னிடம் மட்டும் பேசமாட்டார். விரலை நீட்டுவார், எண்ணைக் கேட்டுக்கொள்வார், போய்விடுவார். நான் அவரைக் காப்பாற்றினேனா, அவரைக் கவிழ்த்து அப்புறம் தூக்கிவிட்டேனா என்று எனக்கே தெரியாதபோது, அவர் பேசாததில் எனக்கு என்ன வருத்தம்? ஆனாலும் வருத்தமாகத்தான் இருந்தது.

நான் பல வாரம் ஒன்றையே யோசித்துக்கொண்டிருந்தேன். விரதத்தில் எது வேலை செய்தது? சாப்பாடா, தண்ணி நின்றதா, சீக்கிரம் தூங்கி எழுந்ததா? பக்தி என்றார் பேக்கிங் அக்கா ஒருவர். சின்ன வயதிலிருந்து பழக்கம் என்றார் இன்னொருவர். மாச்சிக்கிடம், விரதம் இல்லாதபோதும் காய்கறிச் சட்டி வைக்கலாமே என்றேன். "நாற்பது பேர் கேட்டா வைப்பேன். ஒருத்தர் வந்து எனக்கு எண்ணெய் குறைன்னா, அவருக்கு மட்டும் நான் அடுப்பு பத்த வைக்க முடியுமா? நீயே சொல்லுலா" என்றார். அதை நோட்டில் எழுதிக்கொண்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வோர் ஆளையும் தனித்தனியாக உட்காரவைத்து, நீ மாறு, நீ மாறு என்று சொன்னதே நாம் செய்த வேலை. விரதத்திலோ யாரும் தனியாக இல்லை. வீட்டில் ஒரே சமையல், பேருந்தில் ஒரே பேச்சு, கேண்டீனில் ஒரே சட்டி. ஒருவேளை அதுவாக இருக்கலாம். அந்த எண்ணத்தில் பன்னிரண்டு பேரைச் சேர்த்து, வாரத்தில் மூன்று நாள் காய்கறிச் சட்டி வைக்க மாச்சிக்கைச் சம்மதிக்கவைத்தேன். இரண்டு மாதம் ஓடியது. பிறகு எட்டுப் பேர் ஆனார்கள், பிறகு மறுபடி பதினைந்து. ஏன் குறைந்தது, ஏன் கூடியது, அதுவும் தெரியவில்லை. சட்டி மட்டும் இன்னும் அடுப்பில் இருப்பதாகக் கேள்வி.

ஒரு காரியம் மட்டும் திருத்தமாகச் செய்தேன். வேனில் ஒரு காலண்டர் மாட்டி, நோன்பு மாதம், புரட்டாசி, சீனர்கள் மரக்கறி உண்ணும் ஒன்பது நாள், தைப்பூச மண்டலம் எல்லாவற்றையும் வட்டமிட்டேன். விரதம் இருக்கப் போகிறவர்களை முன்கூட்டியே டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். இப்போதும் அந்தக் காலண்டர் இருக்கும். வருஷத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜூலையில் டாக்டர் கண்ணையும் சீனியையும் பார்த்து அனுமதி கொடுக்க, மணியம் மறுபடி வண்டியில் ஏறினார். ஆகஸ்டில் நாங்கள் போனபோது அவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். விரலை நீட்டினார். ஆறரை.

விரத மாதம் இல்லை. காலண்டரைப் பார்த்தேன். மெஷின் சரியாக இருந்தது. கையில் தண்ணீர்ப் போத்தல் இல்லை.

"மணியம், என்ன செய்யுறீங்க?"

"ஒண்ணும் செய்யலண்ணே." அத்தனை மாதம் கழித்து அவர் வாயிலிருந்து 'அண்ணே' வந்தது.

"சாப்பாட்டைக் குறைச்சீங்களா?"

"இல்ல, அதே சாப்பாடுதான்."

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா? ஒரு வேளை பட்டினி கிட்டினி?"

"போடுறேன். மாத்திரை கொஞ்சம், மாச்சிக் சட்டி கொஞ்சம், பொண்டாட்டி திட்டு கொஞ்சம். எது வேலை செய்யுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பழைய ஆளாக இருந்திருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன். அன்று பச்சைப் புத்தகத்தைத் திறந்து ஆறரை என்று எழுதினேன். பேனாவை மூடப் போனவன் நிறுத்தி, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். மோசமான எண்களுக்குப் பக்கத்தில் நான் எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். நல்ல எண்ணுக்குப் பக்கத்தில் அதுதான் முதல் தடவை.

மணியம் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, என்மேல சந்தேகமா?"

"உங்க மேல இல்ல. எனக்கு ஏன்னு புரியல, அதான். டாக்டர் கேட்கட்டும்."

அவர் புத்தகத்தைக் கையில் வாங்கி, கொஞ்சம் தள்ளிப் பிடித்து, அந்த வரியை எண்ணிலிருந்து கேள்விக்குறிவரை சிரமமில்லாமல் படித்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் போனார்.